ஆரணிக் கட்டிலும் நான் எழுதிய அட்டையும்

பழைய மரச்சாமான் கடைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்க வேண்டுமாம். வகுப்பு என்றால் நடுவில் டீ வரும், டீயோடு உங்கள் கவனமும் போகும். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். படித்துவிட்டு டீ குடியுங்கள்.

தேக்கையும் வேங்கையையும் எப்படிப் பிரித்தறிவது, கரையான் தின்ற காலை எப்படித் தட்டிப் பார்ப்பது, இழுப்பறையை முழுக்க உருவி அதன் பின்பலகையை ஏன் முகர வேண்டும் என்பதையெல்லாம் ஒரு மாதத்தில் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். இல்லாவிட்டால் பாலிஷ் போடுபவர் உங்களைப் பார்த்துச் சிரித்தே கற்றுக்கொடுத்துவிடுவார். நான் சொல்ல வந்தது வேறு. வீட்டுக்கு ஒரு பழைய சாமான் வாங்க வருபவர் எதைப் பார்த்துத் தயங்குகிறார், எதைப் பார்த்து முடிவெடுக்கிறார் என்பதெல்லாம் நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். எனக்கும் அந்த நினைப்பு ஏராளமாக இருந்தது.

எண்பத்தொன்பதில் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. அதிகாரிகள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் அலுவலகங்கள் வந்தன, வேங்கிக்கால் பக்கம் புது வீடுகள் முளைத்தன. வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டு, அரசாங்கம் என்னை எப்படியும் கூப்பிடும் என்று பல வருடம் காத்திருந்தேன். அது கூப்பிடவில்லை. செங்கம் சாலையில் பழைய மரச்சாமான் கடை வைத்திருந்த முதலாளி கூப்பிட்டார். கடைக்கு மேலாளர் என்று பெயர். கடையில் என்னைத் தவிர இருந்தவை நாற்காலிகள்தாம் என்பதால் அவற்றை மேலாண்மை செய்தேன்.

எங்களுக்கு வாடிக்கையாளர்கள் இரண்டு வகை. ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டவர்களுக்கு உயரமான எதுவும் ஆகாது. தரையோடு தரையாக வாழ வந்தவர்கள். உயரமான கட்டிலை வாங்கி, எங்கள் தச்சரை விட்டே அதன் கால்களை அறுத்துக்கொண்டு போவார்கள். ஒருவர் நெல் அளக்கும் மரக்காலை வாங்கி அதில் குடையை நட்டு வைத்திருந்தார்.

உள்ளூர்க்காரர்கள் மேசை வாங்குவார்கள், பீரோ வாங்குவார்கள், எவரோ ஓர் அதிகாரி முப்பது வருடம் தூங்கிய நாற்காலியைக்கூட வாங்குவார்கள். கட்டில் என்றால் மட்டும் குரல் இறங்கிவிடும். "இது யார் கட்டிலுங்க?" என்பார்கள். இதில் செத்தது யார் என்பதுதான் அந்தக் கேள்வி. அதற்கு நம் தொழிலில் ஒரு பதில் உண்டு: "கல்யாணச் சீர்ல வந்த கட்டிலுங்க. அவங்க குடும்பத்தோட அமெரிக்கா போயிட்டாங்க." எங்கள் கடைக்கு வந்த கட்டில்களின் உரிமையாளர்கள் யாருமே இறந்ததில்லை. எல்லாரும் அமெரிக்காவில் இருந்தார்கள்.

படித்தவன் இதைப் பொறுப்பானா? நான் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தேன். கடைக்கு வரும் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் அட்டை. என்ன மரம், எந்த ஊர், யாரிடமிருந்து, என்ன காரணத்தால் விற்றார்கள் என்று நானே என் கையால் எழுதி, சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவேன். சாமான் வாடிக்கையாளரின் வீட்டுக்குப் போய், டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் அட்டையை அவிழ்க்கலாம் என்பது விதி. அதை இயற்றியவனும் நான், மீறாமல் காத்தவனும் நான். முதலாளி ஓர் அட்டையைப் படித்துப் பார்த்துவிட்டு, "இது சாமான் விக்கறதுக்கா, இல்ல கேஸ் போடறதுக்கா?" என்று கேட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் கலைச்செல்வி டீச்சர் கடைக்கு வந்தார். அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வேங்கிக்காலில் அப்போதுதான் வீடு கட்டிக் குடியேறியிருந்தார். கையில் ஒரு தையல் டேப்பு. வேறெதையும் பார்க்காமல் கட்டில் கட்டிலாகப் போய்த் தரையிலிருந்து உயரத்தை அளந்தார். மரத்தைத் தடவவில்லை, கடைசல் வேலையைப் பார்க்கவில்லை. இப்படி ஒரு வாடிக்கையாளரை நான் அதற்குமுன் கண்டதில்லை.

"என்ன டீச்சர், உயரத்தை மட்டும் பாக்கறீங்க?"

"எங்க நைனாவுக்கு சார். எழுபத்தோரு வயசு. வரப்புல விழுந்து இடுப்பெலும்பு ஒடைஞ்சு உள்ள பிளேட்டு வெச்சிருக்காங்க. தாழ்வா உக்காந்தா எழுந்துக்க முடியல. இப்ப கடையில விக்கிற புதுக் கட்டில் எல்லாமே கம்மி உயரம். முழங்காலுக்கு ரெண்டு விரல் மேல இருந்தா தானா எழுந்துப்பாரு."

"யாராவது கை குடுத்தா?"

"அதான் சார் பிரச்சினையே. ஊர்ல தனியா இருக்காரு. கயித்துக் கட்டில்ல இருந்து அவரை எழுப்ப ரெண்டு பேர் வரணும். இங்க வந்துடுன்னா, 'மாப்பிள்ளை கையால என்னைத் தூக்க வெக்கணுமா? அதுக்கு நான் இங்கயே கெடந்துட்டுப் போறேன்'ங்கறாரு. வீட்டைப் பாத்துட்டுப் போறேன்னு வெள்ளிக்கிழமை வர்றாரு. ரெண்டு நாள்தான் இருப்பாரு. அதுக்குள்ள அவரு தானா எழுந்து நடந்துட்டார்னா இங்கயே வெச்சிக்குவேன். இல்லன்னா ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போயிடுவாரு சார். அப்புறம் வரமாட்டாரு."

டேப்பு கடைசியில் ஆரணியிலிருந்து வந்த தேக்குக் கட்டிலில் நின்றது. நான்கு காலும் கடைசல். அடியில் இரண்டு டிரங்குப் பெட்டி நுழையும் உயரம். அந்தக் கட்டிலை ஒரு வெளிநாட்டுப் பெண்மணியும் கேட்டிருந்தார். திங்கட்கிழமை வந்து, பாதிக் காலை அறுத்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். டீச்சருக்கு அதைச் சொன்னேன். அவர் அட்டையைப் படித்தார். அதில் என் அழகான கையெழுத்தில், "உரிமையாளர் காலமானபின் வாரிசுகளிடமிருந்து வாங்கியது" என்று இருந்தது.

"எனக்கு இதெல்லாம் ஒண்ணுமில்ல சார். நைனா கண்ணுல மட்டும் படாம பாத்துக்கோங்க."

"கையெழுத்து வாங்கினதும் அவிழ்த்துடுவேன் டீச்சர்."

கவனியுங்கள். அவிழ்த்துவிட்டு அனுப்புகிறேன் என்று நான் சொல்லவில்லை. விதி அப்படி இல்லையே.

சனிக்கிழமை காலை கட்டிலை வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். போர்ட்டிகோவில் இறக்கி, சுவரில் சாய்த்து நிமிர்த்தி வைத்தோம். டீச்சர் பேனாவைத் தேடி உள்ளே போனார். நான் டெலிவரி நோட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கே ஓர் உயரமான ஸ்டூலில், கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே ஊன்றியபடி அவருடைய அப்பா ஏழுமலை உட்கார்ந்திருந்தார். அட்டை சரியாக அவர் கண்ணுக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது. தடியின் நுனியால் அதைத் தன் பக்கம் இழுத்து, எழுத்துக்கூட்டி, தெருவுக்கே கேட்கும்படி படித்தார்.

"உரிமை... யாளர்... காலமான... பின்." நிமிர்ந்தார். "எதுல காலமானாரு?"

பேனாவோடு வந்த டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். என்னைப் பார்த்த பார்வையில் பத்தாம் வகுப்பில் மூன்று முறை தவறியவனுக்குக் கிடைக்கும் எல்லாமும் இருந்தது.

"தெரியாதுங்க ஐயா" என்றேன். அது உண்மை. அதுவரை.

"தெரியாம எப்டிபா விக்கற? மாடு வாங்கினாக்கூட சுழி பாக்கறோம். இதுல நான் படுக்கணும். ஒருத்தன் செத்த கட்டில்ல என்னால படுக்க முடியாது."

"நைனா, மரம்தானே இது..."

"நீ சும்மா இரு. பாடைகூட மரம்தான்."

டீச்சருக்குப் பின்னால் வந்து நின்ற மாப்பிள்ளை உள்ளே ஏதோ வேலை இருப்பதைத் திடீரென்று நினைத்துக்கொண்டார். புத்திசாலி.

ஏழுமலை தடியால் கட்டில் காலைத் தட்டிப் பார்த்தார். நல்ல சத்தம் வந்தது. அது அவருக்குப் பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. அதனாலேயே கோபம் ஜாஸ்தியானது. "ஆரணின்னு போட்டிருக்குது. நாளைக்குக் காலைல போலாம். அந்த வீட்டுல நானே கேக்கறேன். இல்லன்னு சொன்னா படுக்கறேன். ஆமாம்னு சொன்னா அங்கேருந்தே எங்க ஊருக்கு பஸ் ஏறிடறேன். அதுவரைக்கும் இது வாசல் தாண்டக் கூடாது."

கடைக்கு வந்து முதலாளியிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்தபடி ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு சொன்னார்: "செத்தவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடு."

நீங்கள் எதிர்பார்ப்பது தெரிகிறது. அட்டைக்காரன் கொதித்தெழுந்து, பொய் சொல்ல மாட்டேன் என்று வேலையை உதறியிருப்பான் என்று. நான் நேராக எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். கட்டிலை விற்ற விஜயா அம்மாவின் பக்கத்து வீட்டு எண் என் பதிவேட்டில் இருந்தது. நடைமுறை என்றால் சும்மாவா. அவரைக் கூப்பிடச் சொல்லிக் காத்திருந்து விஷயத்தைச் சொன்னேன். அவருடைய மாமனாரின் கட்டில் அது.

"கட்டில்லதாங்க போனாரு" என்றார் விஜயா அம்மா.

"அதைச் சொல்ல வேணாம்மா. வேலூர் ஆஸ்பத்திரியில போனார்னு சொல்லிடுங்க. ஒரு பெரியவருக்கு உதவியா இருக்கும். இல்லன்னா நாளன்னைக்கு ஒரு வெள்ளைக்காரம்மா வந்து கட்டில் காலை அறுத்துடும்."

"சரிங்க" என்றார். அதில் பாதி அழுகை இருந்தது. காலை அறுப்பது என்றதும் அவருக்கு மாமனாரின் காலே நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓர் அம்பாசிடர் காரை வாடகைக்கு எடுத்துப் போனேன். ஏழுமலை காரில் ஏறுவதற்குள் கார்க்காரர் ஒரு பீடியை முழுக்க முடித்துவிட்டார். கதவைப் பிடித்து, முதுகைக் காட்டி, அங்குலம் அங்குலமாக உட்கார்ந்தார். நான் தோளருகே கையைக் கொண்டுபோனேன். "எடு" என்றார். எடுத்தேன். டீச்சர் பின் சீட்டில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். அப்பாவின் துணிப்பை அவர் மடியில் இருந்தது. பஸ் ஏறுவதாக இருந்தால் வேண்டுமே என்று ஏழுமலைதான் எடுத்துவரச் சொல்லியிருந்தார்.

ஆரணியில் விஜயா அம்மா வாசலிலேயே காத்திருந்தார். ஏழுமலையை உயரமான பெஞ்சில் உட்கார வைத்தார். எங்களுக்குக் காபி வந்தது. ஏழுமலை காபியைத் தொடாமல் விசாரணையைத் தொடங்கினார்.

"உங்க மாமனாரு எங்கம்மா போனாரு?"

"ஆஸ்பத்திரிலங்க."

"எந்த ஆஸ்பத்திரி?"

"வேலூர்ல."

"எத்தினி நாள் இருந்தாரு?"

"ஒரு மாசம்."

"ஒரு மாசமா! இன்னா நோவு?"

விஜயா அம்மா என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரி கொடுத்திருந்தேன், ஊர் கொடுத்திருந்தேன். நோய் கொடுக்க மறந்துவிட்டேன். "சர்க்கரை" என்று நான் வாயசைத்தேன். "பிரஷர்" என்று அவர் சொன்னார். நான் வாயசைத்ததில் சத்தமும் வந்துவிட்டது.

ஏழுமலை என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். தோள் குலுங்கியது. முதலில் இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு. "நல்லாப் பேசி வெச்சிருக்கீங்க. ஆளுக்கொரு நோவு எதுக்குப்பா? ஒண்ணாப் பேசி முடிச்சிருக்கலாமே."

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்குத் தரை பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது. என் பதிவேட்டில் அதற்கு ஒரு நடைமுறை இல்லை. ஆனால் விஜயா அம்மா முகம் சிவந்துவிட்டது. வெட்கத்தில் அல்ல, கோபத்தில். கோபமும் என்மேல்.

"என்னால முடியலைங்க சார். ஒரு நாள்கூட ஆஸ்பத்திரிப் படி ஏறாத மனுஷனை ஒரு மாசம் அங்க படுக்க வெச்சிட்டேன். அவரு கேட்டிருந்தா என்னை வீட்டை விட்டே துரத்தியிருப்பாரு." ஏழுமலை பக்கம் திரும்பினார். "கட்டில்லதாங்க போனாரு. எண்பத்தொம்பது வயசு. காலைல தானா எழுந்தாரு, தானா பல்லு வெளக்கினாரு, காபி குடிச்சாரு, கொஞ்ச நேரம் சாயறேன்னு சொன்னாரு. அவ்ளோதாங்க."

முடிந்தது என்று நினைத்தேன். டீச்சர் துணிப்பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டார். பஸ் நிலையம் எந்தப் பக்கம் என்று நான் மனத்துக்குள் யோசிக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

ஏழுமலை எழுந்திருக்கவில்லை. "தானா எழுந்தாரா?"

"தானாத்தாங்க. அவருக்கும் உங்களை மாதிரிதான் இடுப்பு. ஆறு வருஷம் தடி ஊணித்தான் நடந்தாரு. நாற்காலில உக்காந்தா எழ முடியாது. அந்தக் கட்டில்ல மட்டும் உக்காருவாரு, எழுந்துப்பாரு. ஒரு தரம் எங்க வீட்டுக்காரு கை குடுக்கப் போனாரு. தடியாலயே ஒரு போடு போட்டாரு. மூணு நாள் கை வீங்கிப் போச்சு."

"அந்த ஆறு வருஷத்துல யாருமே தூக்கலயா?"

"ஒரே ஒரு தரம் தூக்கினாங்க." விஜயா அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போனப்புறம்."

ஏழுமலை வெகுநேரம் தடியின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அது கணக்குல வராது."

காபி ஆறிப்போயிருந்தது. எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். "எண்பத்தொம்போதா? எனக்கு எழுபத்தொண்ணு. அப்ப இன்னும் பதினெட்டு வருஷம்." என் பக்கம் திரும்பினார். "ஏம்பா, இவ்ளோ நல்ல கட்டிலைப் பத்தி எழுதறவன் 'காலமானாரு'ன்னு மட்டும் எழுதுவியா? எப்டி எழுந்தாருன்னு எழுத வேணாமா? எம்.ஏ. படிச்சேன்ற?"

விஜயா அம்மா சிரித்தார். டீச்சர் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க டீச்சர் கண்ணில் நீர் வந்தது. துடைக்க எதுவும் அகப்படாமல் துணிப்பையாலேயே துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். அமெரிக்கா போனார்கள் என்று சொன்னவர்கள் வாங்க வருபவர் சாவுக்கு அஞ்சுவதாக நினைத்தார்கள். அட்டை எழுதிய நானும் அதையேதான் நினைத்தேன். அவர்கள் அதை மறைத்தார்கள், நான் அதை எழுதி மாட்டினேன், நெருக்கடி வந்ததும் நானும் மறைக்கப் போனேன். ஏழுமலைக்கு அச்சம் வேறொன்றில் இருந்தது: இன்னொருவர் கை தன்னைத் தூக்குவதில். அதை டீச்சர் முதல் நாளே கடையில் வைத்து எனக்குச் சொல்லியிருந்தார். நான் உயரத்தைக் குறித்துக்கொண்டேன், சொன்னதைக் குறித்துக்கொள்ளவில்லை. சாமான் விற்ற வீட்டில் யார் செத்தார் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அதில் எப்படி இருந்தார்கள், யார் உட்கார்ந்தார்கள், எதற்காக அதை விடாமல் வைத்திருந்தார்கள் என்றும் கேளுங்கள். வாங்க வருபவர் தன் வீட்டுக்கு எடுத்துப் போவது அதைத்தான். அப்புறம் பொய் சொல்லியே தீர வேண்டும் என்றால், தயவுசெய்து நோயை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் கட்டில் வாசல் தாண்டியது. ஜன்னல் ஓரமாகப் போட்டோம். மெத்தையின் கனத்தையும் சேர்த்து டீச்சர் மறுபடியும் டேப்பு வைத்து அளந்தார். ஏழுமலை, "நாலு அளவு எடுத்தா கட்டில் வளந்துடுமா?" என்றார். பின்பக்கமாக நகர்ந்து வந்து உட்கார்ந்தார். இரண்டு பாதமும் தரையில் பட்டன. மாப்பிள்ளை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் காபி கொண்டுவந்து கொடுத்தார். ஏழுமலை அவசரமில்லாமல் குடித்து முடித்தார்.

பிறகு ஒரு கையைக் கட்டில் சட்டத்திலும் தடி பிடித்த கையைத் தொடையிலும் ஊன்றினார். டம்ளர் இன்னும் விரலிடுக்கிலேயே இருந்தது. முன்னால் சாய்ந்தார். ஒரு நொடி உடம்பு பாதியிலேயே நின்றது. டீச்சரின் கை அவரை அறியாமலேயே அப்பாவை நோக்கி நீண்டது.

ஏழுமலை எழுந்து நின்றார். நீட்டியிருந்த கையில் காலி டம்ளரை வைத்துவிட்டு, தோட்டத்தைப் பார்க்கப் போனார்.